பழைய சிடி பிளேயர் வாங்குவதென்றால் ஹெட்டைப் பார்த்து வாங்குங்கள்

பழைய சிடி பிளேயர் ஒன்றை வாங்கிச் சரிசெய்து பாட்டுக் கேட்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த பிராண்டு நல்லது என்று. அடுத்தது, உள்ளே எந்த டாக் சிப் (தட்டிலுள்ள எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் கன்வெர்ட்டர்) இருக்கிறது என்று. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான், ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: தட்டைப் படிக்கும் அதன் லேசர் ஹெட் இன்றைக்குக் கிடைக்குமா?

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், ஒரு சிடி பிளேயரில் மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ட்ரே பெல்ட் இற்றுப்போனால் வேறு பெல்ட் போடலாம். கெபாசிட்டர் காய்ந்துபோனால் மாற்றலாம். டிரான்ஸ்பார்மரைக்கூட திரும்பச் சுற்றித் தர ஆள் இருக்கிறார்கள். டிஸ்ப்ளே மங்கிவிட்டால் மங்கலோடு வாழலாம். லேசர் ஹெட் மட்டும் கையால் செய்ய முடியாத பொருள். அது செத்து, புதியதும் கிடைக்காவிட்டால், பதினைந்து கிலோ எடையுள்ள அருமையான பிளேயரும் அலமாரியில் இடத்தை அடைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாது. அதனால் எதை வாங்குவது என்ற முடிவை நான் ஹெட்டை வைத்துத்தான் எடுப்பேன். அப்படிப் பார்த்தால் நம் முன் இருக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும். ஒன்று, ஊசல் போல அசையும் ஒரு கையில் லென்ஸ் இருக்கும் பிலிப்ஸின் சுழல்கைக் குடும்பம், இன்னொன்று தண்டவாளத்தில் ஹெட் ஓடும் சோனிக் குடும்பம்.

உலகத்தில் முதலில் விற்பனைக்கு வந்த சிடி பிளேயர் சோனியின் சிடிபி-101. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் வெளியானது, விலை 1,68,000 யென். பிலிப்ஸ் தன் சிடி100-ஐ அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் இறக்கியது. சிடியின் தரத்தை இரண்டு கம்பெனிகளும் சேர்ந்துதான் வகுத்தன. ஆனால் ஒரே தட்டை வாசிக்க இரண்டும் வேறு வேறு வழியில் போயின. சோனி 16 பிட் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, இடது, வலது இரண்டு சேனலுக்கும் அதையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. பிலிப்ஸின் கையில் அப்போது தயாராக இருந்தது டிடிஏ1540 என்ற 14 பிட் சிப். அதோடு நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (தட்டிலுள்ள மாதிரிகளுக்கு நடுவே கூடுதல் மாதிரிகளைக் கணக்கிட்டு நிரப்பும் முறை) சேர்த்து, 16 பிட்டுக்கு நிகரான தரத்தை எடுத்துக்காட்டினார்கள். அந்த ஓவர்சாம்ப்ளிங்கைப் பிற்பாடு ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன.

வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் மெக்கானிசத்தில் இருக்கிறது. பிலிப்ஸின் சிடிஎம்-1 மெக்கானிசத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வார்ப்பு உலோகச் சட்டம், அதன்மேல் ஒரு சின்னக் கை. கையின் ஒரு முனையில் கண்ணாடி லென்ஸ், நடுவில் அச்சு. மின்காந்த விசையால் அந்தக் கை வில் போன்ற வளைந்த பாதையில் நகர்ந்து, தட்டின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் போகிறது. பல்சக்கரம் கிடையாது, தண்டவாளம் கிடையாது. தட்டைச் சுழற்றும் மோட்டாரிலும் பிரஷ் கிடையாது. விரலால் மெல்லத் தொட்டாலே உராய்வே இல்லாமல் நகரும். தேய்வதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை என்பது அப்போதே புரிந்துவிடும். நாற்பது ஆண்டு ஆன பிளேயர்களில் இன்னும் முதலில் வந்த லேசரே நன்றாக ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தக் கட்டமைப்பு ஒரு பெரிய காரணம்.

அப்படியானால் பழைய பிலிப்ஸ் எதனால் நின்றுபோகிறது? பெரும்பாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டினால். 1984-இல் வந்த சிடி104-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் போர்டில் மேலும் கீழும் செப்புத் தடங்கள் உண்டு. இரண்டு பக்கத்தையும் இணைக்க, துளைகளில் சின்னச் சின்ன ரிவெட்டுகளைச் செருகி சால்டர் வைத்திருப்பார்கள். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி இத்தனை ஆண்டுகளில் அந்த சால்டர் வளையம் முடி அளவுக்கு விரிசல் விடும். ஆன் செய்ததும் தட்டைப் படிக்காது, கால் மணி நேரம் கழித்துப் படிக்கும். அல்லது பாடிக்கொண்டே இருந்து திடீரென்று நிற்கும், பெட்டியின்மேல் தட்டினால் திரும்பப் பாடும். இந்த அறிகுறிகளைக் கண்டதும் "லென்ஸ் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிடுவார்கள். அநேகமாக லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரிவெட்டை எடுத்துவிட்டு, துளை வழியாக மெல்லிய கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் சால்டர் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை அதோடு ஒழிந்தது. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு ரிவெட்டாகப் போக வேண்டும், தெரிந்த நாலைந்தை மட்டும் செய்துவிட்டு விட்டால் மிச்சம் ஆறு மாதத்தில் வந்து நிற்கும்.

அப்புறம் அந்தக் காலத்து பிலிப்ஸ் போர்டுகளில் படுக்கைவாட்டில் கிடக்கும் நீல நிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். இவை காய்ந்துபோவது சகஜம். மீட்டரில் அளந்து பார்த்து மாற்றிவிடலாம்.

ஆக, பிலிப்ஸ் குடும்பத்தில் கெடுகிறவை சால்டரிங் அயர்ன் தெரிந்தவர் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. கெட்டால் மாற்ற முடியாதது சுழல்கை. அது கெடுவது அரிது, ஆனால் கெட்டுவிட்டால் புதியது கிடையாது. இன்னொரு பழைய பிளேயரை வாங்கி அதிலிருந்து எடுக்க வேண்டும். வாங்கும்போதே தட்டைப் போட்டுக் காட்டச் சொல்வது இதனால்தான்.

இந்தக் குடும்பத்துக்குள்ளேயே தேர்வுகள் உண்டு. 14 பிட் காலத்தவை சிடி104, சிடி304 போன்றவை. 1985-இல் டிடிஏ1541 என்ற 16 பிட் சிப் வந்தது, பிறகு அதன் ஏ வடிவம். சிடிஎம்-1 வகை மெக்கானிசமும் டிடிஏ1541ஏ-யும் சேர்ந்திருக்கும் பிலிப்ஸ் சிடி960, மராண்ட்ஸ் சிடி-94 போன்றவற்றுக்கு இன்று விலை எக்கச்சக்கம். பேர் தந்த விலை அதில் பாதி என்பது என் எண்ணம். சிடிஎம்-2, சிடிஎம்-4 போன்ற பிளாஸ்டிக் சுழல்கை கொண்ட எளிய மாடல்களில் பலவற்றிலும் இதே சிப்புகள் இருக்கின்றன, விலையும் கைக்கு எட்டும். 1990-களின் நடுவில் சிடிஎம்-12 வந்தபோது சுழல்கையே போய்விட்டது. அது பிளாஸ்டிக் பல்சக்கரத்தோடு தண்டவாளத்தில் ஓடும் வகை. 'பிலிப்ஸ் மெக்கானிசம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலே சுழல்கை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. டிடிஏ1541ஏ சிப்பின்மேல் கிரீடம் அச்சிட்ட 'எஸ்1' தேர்வு வகைக்குப் பெரும் மவுசு. அதனாலேயே சாதாரண சிப்பைச் சுரண்டி, கிரீடம் அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. கிரீடத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் பவர் சப்ளையைச் சரிசெய்தால் காதுக்குக் கேட்கும் பலன் அதிகம்.

சரி, சோனிக் குடும்பத்துக்கு வருவோம். இங்கே ஹெட் ஒரு வழவழப்பான தண்டில் நேர்கோட்டில் போகும், சின்ன மோட்டாரும் பல்சக்கரமும் அதை நகர்த்தும். தட்டைச் சுழற்றுவது பெரும்பாலும் பிரஷ் வைத்த சாதாரண மோட்டார். பிரஷ் தேயும், கிரீஸ் காய்ந்து பிசினாகும், ஹெட்டும் பல ஆயிரம் மணி நேரத்துக்குப் பின் மங்கும். பிலிப்ஸ் சுழல்கையோடு ஒப்பிட்டால் தேய்மானம் இதில் அதிகம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தேய்ந்த ஒவ்வொன்றுக்கும் மாற்று கிடைக்கிறது. கேஎஸ்எஸ்-240ஏ, கேஎஸ்எஸ்-213 ஆகிய ஹெட்டுகள் 1990-களில் சோனியில் மட்டுமல்ல, வேறு பல கம்பெனிப் பிளேயர்களிலும் போனவை. அவற்றின் நகல்கள் இன்றும் சீனாவிலிருந்து வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம். நகல்களின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று அருமையாக ஓடும், அதே கவரில் வந்த இன்னொன்று கீறல் விழுந்த தட்டில் திணறும். அதனால் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 213சி என்றால் ஹெட்டை மட்டும் வாங்காமல், மோட்டாரும் தட்டு உட்காரும் குமிழும் சேர்ந்த முழு மெக்கானிசமாகவே வாங்கிவிடுங்கள். குமிழை மோட்டார் தண்டில் சரியான உயரத்துக்கு அழுத்துவது நுணுக்கமான வேலை, அது மிச்சமாகும்.

புது ஹெட் போட்டும் தட்டு சுற்றவில்லை என்று பலர் தவிப்பது ஒரு சின்னப் பொட்டினால். ஹெட்டின் பின்புறம் இருக்கும் குட்டிப் போர்டில் இரண்டு முனைகளைச் சேர்த்து ஒரு சால்டர் பொட்டு வைத்து அனுப்புவார்கள். உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடாமல் இருக்கத்தான் அந்தக் காவல். ஹெட்டைப் பொருத்தி, ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் ஆபத்து, எடுக்காமலே விட்டால் லேசர் எரியவே எரியாது. அந்தச் சமயத்தில் லென்ஸைக் குனிந்து உற்றுப் பார்க்கவே கூடாது. சிடி லேசர் 780 நானோமீட்டர், ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மங்கலாகத் தெரிகிறதே என்று நினைக்கிற நேரத்தில் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

ஹெட்டின் ஓரத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும், லேசரின் சக்தியைக் கூட்டிக் குறைக்க. பழைய சோனி ஹெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த லேசருக்கு உரிய மின்னோட்டம் குறிக்கப்பட்டிருக்கும். தட்டைப் படிக்காத பிளேயரில் இந்தத் திருகைத் திருப்பிவிட்டால் உடனே பாட ஆரம்பித்துவிடும், கடைக்காரரும் காசு வாங்கிவிடலாம். ஆனால் களைத்த லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்தால் மிச்ச ஆயுள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் வாங்கப்போகும் பிளேயரைத் திறக்க அனுமதி கிடைத்தால், அந்தத் திருகின் மேல் கீறல் இருக்கிறதா, அதில் வைத்திருந்த பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். யாரோ முன்பே விளையாடியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது புது ஹெட்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

என் முடிவு இது. முதன்முதலாக ஒரு பிளேயரைச் சரிசெய்யப் போகிறவர் 1990-களின் முதல் பாதியில் வந்த, 240ஏ அல்லது 213 ஹெட் உள்ள, தனிப்பெட்டியாக இருக்கும் ஒரு பிளேயரை எடுக்கட்டும். கை பழகும், ஏதாவது உடைந்தாலும் மாற்று உண்டு. பாட்டை டிஜிட்டலாகவே வெளியே தரும் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் டிஜிட்டல் அவுட் அதில் இருந்தால் இன்னும் நல்லது, பிற்பாடு வெளி டாக் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். சால்டரிங் ஏற்கெனவே நன்றாக வரும் என்றால் யோசிக்காமல் சுழல்கை பிலிப்ஸுக்குப் போகலாம். என் காதுக்கு அந்த 14 பிட் பிளேயர்களில் குரலும் வயலினும் உட்காரும் விதம் தனி. புதிய பிளேயர்களில் கிடைக்கும் துல்லியம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஒரு மணி நேரம் கேட்டாலும் காது சோர்வதில்லை. டிஜிட்டல் அவுட் வேண்டும் என்பவர் மட்டும் மாடலைப் பார்த்து வாங்க வேண்டும், ஆரம்ப காலத்து பிலிப்ஸில் அது இருக்காது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. 1980-களின் இறுதியிலும் 90-களிலும் ஜப்பானியக் கம்பெனிகள் செய்த உச்ச மாடல்கள். செம்பு பூசிய சேஸிஸ், மரப் பக்கங்கள், தூக்கவே முடியாத கனம். பயனியர் தட்டைத் தலைகீழாக, எழுத்து கீழே இருக்கும்படி ஒரு அகலமான மேடையில் வைத்து, லேசரை மேலிருந்து படிக்கவைத்தது. தட்டு ஆடாமல் இருப்பதற்கான அழகான யோசனை அது. ஆனால் இந்த வகைகளில் பலவற்றின் ஹெட்டுகள் உற்பத்தி நின்று பல காலம் ஆகிவிட்டது. விற்கிறவர்கள் கேட்பதோ வேலை செய்யும் பிளேயரின் விலை. இதை முதல் பிளேயராக வாங்க வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது இவை எதுவுமே இல்லை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த மினி சிஸ்டம்கள்தான், கேசட், ரேடியோ, மூன்று தட்டு சிடி எல்லாம் ஒரே பெட்டியில். மூன்று தட்டு மாற்றும் பொறியமைப்பு சரிசெய்யத் தலைவலி பிடித்த வேலை, பலனும் குறைவு. குடும்பத்து ஞாபகம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி பணம் போட வேண்டாம். சிலவற்றில் அதே 213 வகை ஹெட் இருக்கும், உதிரிபாகத்துக்கு ஆகும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறவர்கள் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட், ஐரோப்பாவில் விற்றது நமக்கு ஒத்துவரும். சிலவற்றில் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும். ஜப்பான் செட்டை நேரே நம் பிளக்கில் செருகினால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டிகள் 110 வோல்ட் தருபவை. 100 வோல்ட் செட்டுக்கு அது பத்து சதவீதம் அதிகம், உள்ளே ரெகுலேட்டர்கள் தேவையில்லாமல் கொதிக்கும். 100 வோல்ட்டுக்கென்றே சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே யாராவது சரிசெய்து விற்பதை வாங்குவதும் நல்ல வழிதான். என்னென்ன செய்தார், எந்த ஹெட் போட்டார், பழைய பாகங்களை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கெபாசிட்டர் மொத்தத்தையும் மாற்றிவிட்டேன் என்பதைப் பெருமையாகச் சொன்னால் அளந்து மாற்றினாரா என்றும் கேட்டுவிடுங்கள். நன்றாக இருக்கும் நூறு கெபாசிட்டரைப் பிடுங்கும்போது பழைய போர்டின் செப்புத் தடங்கள் பெயர்ந்து வருவதுண்டு. வேலையெல்லாம் வேண்டாம், வீட்டில் இருக்கும் ஓரியண்டல், எக்கோ இசைக் கம்பெனிகள் காலத்து இளையராஜா சிடிகளைக் கேட்டால் போதும் என்கிறவர், வாரண்டியோடு வரும் யமஹா சிடி-எஸ்303 அல்லது மராண்ட்ஸ் சிடி6007 மாதிரி ஒன்றைப் பார்க்கலாம்.

நேரில் போய்ப் பார்க்கும்போது எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு கம்பெனி சிடியைக் கையோடு கொண்டுபோங்கள். காப்பி போட்ட தட்டு வேண்டாம், அதில் ஒளி பிரதிபலிப்பு குறைவு என்பதால் எது யார் குற்றம் என்று தெரியாமல் போகும். சிடி உள்ளேயிருந்து வெளியே படிக்கப்படுவது. முதல் பாட்டில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, கடைசியில் சுமார் 200. அதனால் முதல் பாட்டிலேயே திணறி, நடுவிலிருந்து நன்றாகப் பாடினால் சுழற்றும் மோட்டார் களைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். முதலில் நன்றாக இருந்து கடைசிப் பாட்டில் தாவினால் தண்டவாளம், பல்சக்கரம், கிரீஸ் பக்கம் பாருங்கள், தட்டின் ஆட்டமும் விளிம்பில்தான் அதிகம். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பெட்டியின்மேல் கை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை, போர்டு விரிசல் குளிரில்தான் தெரியும். சுத்தமாக ஓடாத பிளேயர் என்று மலிவாகக் கொடுத்தால் அடியில் திரும்பிப் பாருங்கள். அனுப்பும்போது மெக்கானிசம் ஆடாமல் பூட்டும் திருகுகள் பல மாடல்களில் உண்டு, அவற்றைக் கழற்றாமலேயே "ரிப்பேர்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலையை எளியதிலிருந்து ஆரம்பியுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் லென்ஸை, அழுத்தாமல், ஒரு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதக்கிறது, அழுத்தினால் கோணிவிடும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத புது கிரீஸைத் துளி அளவு. ட்ரே பெல்ட். பிறகு கனெக்டர்கள், சால்டர் விரிசல். பவர் சப்ளை கெபாசிட்டர்களை அளந்து, போனதை மாற்றுதல். பாதிக்கு மேற்பட்ட பிளேயர்கள் இதற்குள்ளேயே எழுந்துவிடும் என்பது என் அனுபவம். லேசர் திருகைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் ஆசிலோஸ்கோப்பில் ஹெட் தரும் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டு.

ரிமோட் இல்லாமல் வந்தால் கவலைப்பட வேண்டாம். பிலிப்ஸும் மராண்ட்ஸும் ஆர்சி-5 என்ற ஒரே குறிமுறையைப் பயன்படுத்தியவை, யுனிவர்சல் ரிமோட் போதும். கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் மட்டும் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: ட்ரேக்குள் தட்டு எதுவும் இருக்கக்கூடாது, அடியிலுள்ள பூட்டுத் திருகுகளைப் போட்டுவிட்டுத்தான் பேக் செய்ய வேண்டும், திருகுகள் தொலைந்துபோயிருந்தால் அனுப்பவே வேண்டாம், நேரில் போய் வாங்கி வாருங்கள்.